சிரிப்பதற்கு முன்

வியாழக்கிழமை மாலை வகுப்பில் ஆசிரியை ஆறு அடையாளங்களைச் சொன்னார். முதியோர் பராமரிப்பு உதவியாளர் படிப்பில் அது பதினான்காவது பாடம்; சிறுநீரை அடக்க முடியாமல் போவதைப் பற்றியது. "யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் பார்த்துத் தெரிஞ்சுக்கணும்" என்றார். நான் வழக்கம்போல எண் போட்டு எழுதிக்கொண்டேன். வெளியே கிளம்பும் முன் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். போகிற இடத்தில் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்ப்பார்கள். கதவை ஒட்டிய நாற்காலியில் உட்காருவார்கள். அடர்நிறத் துணியாகவே உடுத்துவார்கள். படுக்கை விரிப்பை அடிக்கடி மாற்றுவார்கள். யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்கள்.

ஆறாவதை எழுதியதும் முதலிலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். நான் எழுதி வைத்திருந்தது பெரியம்மாவைப் பற்றி.

நகலெடுக்கும் கடையில் வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, இரண்டு வருடமாக, பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அவர் என் அம்மாவின் அக்கா. அறுபத்தாறு வயதாகிறது, இன்னும் சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறார். பெரியப்பா முப்பத்தொரு வருடம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பெரிய அறையில் ஜன்னலை ஒட்டி அவர்களுடைய கட்டில். சின்ன அறையில் எனக்கு ஒன்று போட்டார்கள். நான் வந்த முதல் வாரமே பெரியம்மா தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து, மடக்குக் கட்டிலை விரித்துவிட்டார்.

"புது இடம். புள்ள தனியா படுத்தா பயந்துக்கும். உங்க குறட்டைக்கும் எனக்கும் கொஞ்ச நாள் லீவு" என்றார் பெரியப்பாவிடம்.

எனக்காக யாரும் இடம் மாறிப் படுத்தது அதுவரை கிடையாது. அன்றைக்கு என் குறிப்பேட்டில் அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பெரியப்பாவுக்குப் பஸ் கதைகள் சொல்லாமல் சோறு இறங்காது. "ஒருத்தன் ஏறினான். 'இந்த பஸ் எங்க போகுது'ன்னான். 'நீங்க எங்க போகணும்'னேன். 'அத சொல்லலீங்க, பஸ் ஏறுங்கன்னு மட்டும்தான் என் பொண்டாட்டி சொன்னா'ன்னான்." நான் சிரித்துப் புரையேறிக்கொண்டிருப்பேன். பெரியம்மா அதற்கு முன்பே எழுந்து, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போயிருப்பார். அடுப்பு அணைந்துதான் இருக்கும். பெரியப்பா அவர் போன திசையைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்ப்பார். "முதலாளியம்மாவுக்கு நம்ம சரக்கு புளிச்சுப் போச்சு" என்பார் என்னிடம்.

இதையெல்லாம் ஆறாவது அடையாளத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு இரண்டு வருடமும் ஒரு பாடமும் தேவைப்பட்டிருக்கின்றன.

சனிக்கிழமை மதியம் சலவை நிலையத்துக்குப் போனேன். கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பெரியம்மா மடிக்கிற மேஜையில், விடுதி ஒன்றின் விரிப்புகளை நான்காக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"என்னடி, ரெண்டு நாளா பேயறைஞ்ச மாதிரி திரியற?" என்றார்.

நான் சீட்டைப் பிரித்து முதல் கேள்வியைப் படித்தேன். "உங்களையும் அறியாம துணி நனையுதா பெரியம்மா?"

கையிலிருந்த விரிப்பை அவர் மடித்து முடித்தார். ஓரத்தை ஓரத்தோடு ஒட்டி, உள்ளங்கையால் ஒருமுறை நீவினார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வியாழக்கிழமை ஏழே முக்கால்லேர்ந்து."

அவர் உதடு துடித்தது. சிரிப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. சட்டென்று காலைக் குறுக்கே மாற்றி நின்று மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது அடங்கிய பிறகுதான் பேசினார்.

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"நீ சொன்னேன்னு வை, அதோட நீ யாரோ நான் யாரோ."

நான் வருவதற்கு நான்கு மாதம் முன்பு ஆரம்பித்ததாம். தூக்கத்தில் ஒருநாள் கட்டில் நனைந்துவிட்டது. பெரியப்பாவை எழுப்பி, தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்துவிட்டது என்று சொல்லி விரிப்பை மாற்றியிருக்கிறார். "ரெண்டாவது தடவையும் சொம்புன்னேன். மூணாவது தடவைக்கு எந்தச் சொம்பத் தேடுறது? பஸ்ஸுல குழந்த வாந்தி எடுத்தாக்கூட மூக்கச் சுளிக்காத மனுஷன். ஆனா அது வேற, இது வேற. அப்பத்தான் உங்கம்மா போன் பண்ணி, பொண்ண அனுப்பறேன்னா."

நான் பயப்படுவேன் என்பதற்காக அவர் அறை மாறவில்லை. அறை மாற ஒரு காரணம் தேவைப்பட்டபோது நான் வந்து சேர்ந்தேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் குறிப்பை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அன்றைக்கு நான் நினைத்தது அன்றைக்கு உண்மைதான்.

"டாக்டர்கிட்ட போகலாம் பெரியம்மா."

"போனா அறுப்பாங்க."

"எடுத்ததும் யாரும் அறுக்க மாட்டாங்க. முதல்ல பயிற்சி, பழக்கம் மாத்துறது, தேவைப்பட்டா மாத்திரை. பாடத்துலயே இருக்கு."

"கத்தி வைக்க மாட்டோம்னு எழுதித் தருவாங்களா?"

"நான் எழுதித் தர்றேன்."

"ஆமா, நீ எதத்தான் எழுதல" என்று அடுத்த விரிப்பை உதறினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மருத்துவர் சிறுநீரைப் பரிசோதித்து, கிருமித்தொற்று இல்லை என்று பார்த்துவிட்டு, அதே கட்டடத்தின் கோடியறையில் தசைப்பயிற்சி கற்றுத்தரும் பிசியோ ஒருவரிடம் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது கண்ணைப் பார்த்துப் பேசினார். அதுவே பெரியம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கொடுத்த முதல் வேலை, மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பு: என்ன குடித்தார், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு போனது, எப்போது கசிந்தது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார். அளக்க ஒரு பிளாஸ்டிக் குவளையும் தந்தார். அவர் தந்த படிவத்தில் கட்டங்கள் சிறியதாக இருந்ததால் எங்கள் கடையில் பெரிதாக்கி, முப்பது நகல் எடுத்து, கோப்பில் போட்டேன். வேலைக்கு இது அதிகமோ என்று அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது.

மூன்று நாள் கழித்து பிசியோ தாளின்மேல் விரலை ஓட்டினார்.

"ஒரு நாளைக்குப் பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் எண்பது மில்லி, தொண்ணூறு மில்லி. இதுல நெசமா முட்டிக்கிட்டுப் போனது எத்தன தடவைம்மா?"

"நாலஞ்சு இருக்கும். மிச்சமெல்லாம், எதுக்கும் போய் வச்சிடுவோம்னு போறதுதான்."

"அதான். கால்வாசி நிறைஞ்சதும் காலி பண்ணிப் பண்ணி, மூத்திரப்பை அதுக்குமேல தாங்க மறந்துடுச்சு. தண்ணியும் குடிக்கிறதில்ல. குடிக்கலன்னா மூத்திரம் கெட்டியாகி இன்னும் அரிக்கும், இன்னும் அவசரப்படுத்தும்."

"அப்ப நான் ரெண்டு வருஷமா பண்ணதெல்லாம் தப்பா?"

"எல்லாரும் பண்றதுதான்மா."

பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்று எழுதினார். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பகலில் தண்ணீர் குடிக்க வேண்டும். மாலைக்குப் பிறகு டீ கூடாது. காற்று பிரிவதையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவதுபோலக் கீழ்த் தசையை இறுக்கி மேலே தூக்க வேண்டும். எட்டு எண்ணும் வரை பிடித்துவைத்து, பிறகு விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. அவசரம் வந்தால் ஓடக் கூடாது. நின்ற இடத்தில் நின்று, ஐந்து முறை சட்சட்டென்று இறுக்கி விட்டு, அலை தணிந்த பிறகு நடந்து போக வேண்டும். இருமல், தும்மல், பாரம் தூக்குவது, சிரிப்பு எதுவானாலும் அதற்கு முன் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

"சிரிக்கிறதுக்கு முன்னாடியா? சிரிப்பு என்ன கடிதாசு போட்டுட்டா வரும்?" என்றார் பெரியம்மா.

"வர்றப்பவே தெரிஞ்சு அடக்கறீங்கல்ல? அதே நேரத்துல இத இறுக்குங்க. சிரிப்ப விட்ருங்க."

திட்டத் தாளின் தலையில் ஒரு வரி காலியாக இருந்தது. பிசியோ பேனாவை என்னிடம் கொடுத்தார். "இதெல்லாம் எதுக்காகப் பண்றீங்கன்னு அங்க எழுதணும். பன்னெண்டு வாரம் கழிச்சு என்ன செய்ய ஆசைம்மா?"

பெரியம்மா தன் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "எழுதிக்க" என்றார். "என் கட்டில்ல படுக்கணும்."

எழுதினேன்.

"ஜன்னல் பக்கம்" என்றார்.

அதையும் சேர்த்தேன்.

பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. சலவை நிலையத்தில் நீராவிப் பிரஸ் இருக்கிறது. தலையணை உறையைப் பலகைமேல் பரப்பி மிதியை அழுத்தினால் மேல்தட்டு இறங்கி, எட்டு எண்ணியதும் உஸ்ஸென்று எழும்பும். தட்டு இறங்கும்போது இறுக்கு, எழும்பும்போது விடு. காலையில் பத்து உறை, மதியம் பத்து, மாலை பத்து. முதல் வாரம் மூச்சையும் சேர்த்துப் பிடித்து முகம் சிவந்து, பக்கத்து மெஷின்காரர், "அக்கா, அந்த உறை உங்கள என்ன பண்ணிச்சு?" என்று கேட்டாராம். பிசியோவின் யோசனைப்படி வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தபோது மூச்சு தானாகச் சரியாயிற்று.

நான்காவது வாரம் பெரியப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு பழைய பனியனும் ரப்பர் பந்தும் இருந்தன.

"கிளார்க்கம்மா, உனக்கு ஊசி நூல் வருமா?"

"ஓரளவு. எதுக்கு?"

"முதுகுல ஒரு பை வச்சு, இந்தப் பந்த உள்ள விட்டுத் தைச்சுக் குடு. மல்லாக்கப் படுத்தாத்தான் குறட்டை வருமாம். பந்து இருந்தா மல்லாக்கவே முடியாது. டெப்போல ஒருத்தன் சொன்னான், அவன் வீட்ல இப்ப சண்டையே இல்லையாம்."

"உறுத்துமே பெரியப்பா."

"உறுத்தட்டும். உன் பெரியம்மா அந்த மடக்குக் கட்டில்ல முதுக வளைச்சுக் கிடக்கறா. அதுக்கு இது மேல்." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட மூச்சு விடாத. குறட்டை நின்னுச்சுன்னு உறுதியானப்பறம் நானே கூப்பிடறேன். இப்பச் சொல்லி, வராமப் போயிட்டான்னா?"

தைத்துக் கொடுத்தேன். என் தையல் அவ்வளவு நேராக வராது. மூன்று முறை பிரித்துத் தைத்தேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே கட்டிலுக்காகத் தனித்தனியே சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டையும் அறிந்த ஒரே ஆள் நான். இருவருக்கும் சத்தியம் செய்திருந்தேன். யாருக்கு முதலில் செய்தேன் என்று குறிப்பேட்டில் பார்த்தேன். அதனால் என்ன முடிவுக்கு வரலாம் என்று தெரியவில்லை.

ஐந்தாவது வாரம் நான் ஒரு தவறு செய்தேன்.

பகல் கட்டங்கள் நன்றாக வந்துகொண்டிருந்தன. பதினேழு பதினொன்றாகியிருந்தது, தொண்ணூறு மில்லி நூற்றைம்பதாகியிருந்தது. ஆனால் இரவுக் கட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள் 'நனைந்தது' என்று எழுத வேண்டியிருந்தது. காலையில் நான் அதை எழுதும்போது பெரியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த வார்த்தையை எழுதாமலிருக்க ஒரு வழி செய்தேன். தலையணைக்கு அடியில் செல்போனை அதிர வைத்து, ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் அவரை எழுப்பிக் கழிப்பறைக்கு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் ஒரு நாள்கூட நனையவில்லை. பதினான்கு கட்டங்களிலும் 'காய்ந்திருந்தது' என்று என் கையால் எழுதினேன். பெரியம்மா அந்தத் தாளை வாங்கித் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் அந்த ரூமுக்குப் போறேன்" என்றார். சலவை நிலையத்திலிருந்து புது விரிப்பு ஒன்று வாங்கி வந்து பெட்டியில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பிசியோ தாளைப் பார்த்தார். முதலில் அவர் முகம் மலர்ந்தது. பிறகு இரவு நேரங்களின்மேல் விரல் நின்றது.

"ஒண்ணு, நாலு. ஒண்ணு, நாலு. பதினாலு நாளும் அதே ஒண்ணு, அதே நாலு. மூத்திரப்பைக்கு மணி பார்க்கத் தெரியுமா என்ன?"

நான் செல்போன் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப இது உன் பயிற்சி. அவங்களோடது இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எழுப்பி எழுப்பி ராத்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக் காலி பண்ண வச்சிட்ட. பகல்ல எத நிறுத்தச் சொன்னேனோ அதத்தான் ராத்திரி பண்ணியிருக்கே."

எதுக்கும் போய் வச்சிடுவோம். அந்தப் பழக்கத்தை நான்தான் கடிகாரம் வைத்து மறுபடி கொண்டு வந்திருக்கிறேன்.

எழுப்புவதை நிறுத்தினோம். சனிக்கிழமை காலையிலேயே விரிப்பு மறுபடி நனைந்திருந்தது. நான் பேனாவை எடுத்தேன்; எழுதத் தோன்றவில்லை. "எழுது. அதுக்குத்தானே உனக்குக் கோப்பு" என்றார் பெரியம்மா. விரிப்பைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை சின்ன அறையிலேயே இருந்தார். பெட்டியிலிருந்த புது விரிப்பை யாரும் எடுக்கவில்லை.

அந்த வாரம் அவர் பயிற்சி செய்யவில்லை. அதற்கடுத்த வாரம் ஒருநாள் பிரஸ் தட்டு இறங்கியபோது தன்னையறியாமல் இறுக்கியிருந்ததாகவும், அதற்குப் பிறகு நிறுத்த மனம் வரவில்லை என்றும் சொன்னார்.

பிசியோ இரவுக்கென்று வேறு இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தார். பெரியம்மாவின் கணுக்கால்கள் மாலையில் வீங்குவது ஒன்று. நாளெல்லாம் நிற்பதால் காலில் தேங்கும் நீர், படுத்த பிறகுதான் மேலேறிச் சிறுநீராக இறங்குகிறதாம். வேலையிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொன்னார். இன்னொன்று, ரத்த அழுத்தத்துக்காக அவர் மாலையில் போட்டுக்கொண்டிருந்த மாத்திரை நீரைப் பிரிக்கிற மாத்திரை. மருத்துவரிடம் கேட்டு அது காலைக்கு மாற்றப்பட்டது. பத்தாவது வாரத்தில், யாரும் எழுப்பாமல், இரவுக் கட்டம் பத்து நாளுக்கு ஒருமுறைதான் நனைந்தது. குவளையில் இருநூற்று முப்பது வரை வந்தது.

"பூஜ்யம் எப்ப வரும்?" என்றார் பெரியம்மா.

"வரலாம். வராமயும் போகலாம்மா. எப்பவாவது ஒரு நாள் ஆகத்தான் செய்யும். அதுக்கு ஈரத்த உறிஞ்சற பேட் இருக்கு, கீழ போட ரப்பர் ஷீட் இருக்கு. நீங்க எழுதச் சொன்னது கட்டில்ல படுக்கணும்னுதானே? பூஜ்யம்னு எழுதலையே."

"பூஜ்யம் இல்லாம எப்படிம்மா அவர் பக்கத்துல?" என்றார் பெரியம்மா.

அதே வாரம் பெரியப்பா என்னைச் சமையலறையில் பிடித்தார். பந்தோடு படுத்துப் படுத்து அவர் முதுகு சற்றுக் கூனியிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உன் பெரியம்மாவுக்கு இந்த வீடே புடிக்காமப் போச்சா?"

"என்ன பெரியப்பா இது?"

"தினமும் அஞ்சு மணிக்கு வர்றா. கதவுல இருக்கற கண்ணாடி ஓட்டை வழியாப் பாக்கறேன். சாவி கைல இருக்கு. ஆனா தொறக்க மாட்டேங்கறா. அப்படியே நிக்கறா. உதடு முணுமுணுக்குது. உள்ள வரலாமா வேணாமான்னு யோசிக்கற மாதிரி. நேத்து நானே கதவத் தொறந்தேன். என்னைப் பார்க்கக்கூட இல்ல, விறுவிறுன்னு உள்ள போயிட்டா." பாத்திரம் துடைக்கும் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "பஸ்ஸுல வருவாங்க. எறங்க வேண்டிய ஸ்டாப்புல எறங்காம உக்காந்திருப்பாங்க, வீட்டுக்குப் போக மனசில்லாம. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். அதே மூஞ்சி."

சாவி கையில் வந்ததும்தான் பெரியம்மாவுக்கு அவசரம் மிக அதிகமாக வரும். ஓடக் கூடாது, நின்று ஐந்து முறை இறுக்க வேண்டும் என்பதை வாசலில் வைத்துத்தான் அவர் பழகிக்கொண்டிருந்தார். முணுமுணுத்தது எண்ணிக்கை. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. "அப்படியெல்லாம் இல்ல பெரியப்பா" என்றேன். ஒன்றுமே சொல்லாததுபோல இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, "நான் கேட்டேன்னு சொல்லிடாத" என்றார்.

பெரியம்மாவிடம் இதைச் சொல்லப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நான்கைந்து நாள் சத்தியத்துக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். மீதி நாட்களுக்கு நேர்மையான காரணம் இதுதான்: மாலை வகுப்பு முடிந்து வரும்போது சின்ன அறையில் விளக்கு எரியும். பெரியம்மா சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்தபடி, "சாப்டியா?" என்பார். அவர் அந்த அறைக்குப் போய்விட்டால் இந்த அறையில் விளக்கை நானே போட வேண்டும். என் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். சாப்பிட்டேனா என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. இதை எழுதலாமா என்று இப்போதும் உறுதியில்லை.

பன்னிரண்டாவது வாரம், சனிக்கிழமை மாலை, சொன்னேன். பந்தைப் பற்றிச் சொல்லவில்லை. வாசலைப் பற்றி மட்டும் சொன்னேன்.

பெரியம்மாவின் கால்கள் சுவரில் இருந்தன. மெதுவாக இறக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"ஓட்டை வழியாப் பாக்கறாரா?"

"தினமும்."

"நான் எண்ணிக்கிட்டு நிக்கறேன்டி."

"தெரியும்."

"உள்ள வர மனசில்லாம நிக்கறேன்னா நினைச்சாரு?"

"எறங்க வேண்டிய ஸ்டாப்புல எறங்காதவங்க மூஞ்சி மாதிரி இருக்குன்னாரு."

பெரியம்மா வெகுநேரம் தன் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார். வீக்கம் வற்றியிருந்தது. "கூறு கெட்ட மனுஷன்" என்றார். திட்டுவதுபோல இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் மட்டும் என்னவாம்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கூடத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா பெட்டியைத் திறந்து புது விரிப்பை எடுத்தார். அதன் மேல் ஒரு ரப்பர் ஷீட்டை வைத்தார். இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டு பெரிய அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"என்னங்க, சும்மாத்தானே இருக்கீங்க. அந்த மூலையப் பிடிங்க."

"எதுக்கு?"

"கட்டில விரிக்கணும். இழுங்க. நல்லா இழுங்க, சுருக்கம் விழுது."

ரப்பர் இழுபடும் சத்தம் கேட்டது. என் பேனா 'கணுக்கால்' என்ற சொல்லின் நடுவில் நின்றிருந்தது.

"இது என்னது, வழவழன்னு?"

"ரப்பர் ஷீட்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்." பெரியம்மாவின் குரல் சலவை நிலையத்தில் ரசீது எழுதும் குரலாக இருந்தது. "தூக்கத்துல எனக்கு ஒண்ணுக்கு வந்துடுது. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. சொம்புன்னு சொன்னேனே, சொம்பு இல்ல. இப்ப வைத்தியம் பண்ணிக்கறேன். பத்து நாளைக்கு ஒரு தரம் ஆகுது. முழுசா நிக்குமான்னு சொல்ல முடியாதாம். வாசல்ல நிக்கறது அத அடக்கத்தான். உள்ள வர மனசில்லாம இல்ல. கேட்டுக்கிட்டீங்களா? இப்ப அந்தப் பக்கத்த உள்ள மடிங்க."

அவர் மடித்திருக்க வேண்டும். மெத்தையின் அடியில் துணி நுழையும் சத்தம் கேட்டது.

"இதுக்கா அந்த ரூமுக்குப் போன?"

"ஆமா."

"குறட்டைக்கு இல்லையா?"

"குறட்டை முப்பத்தெட்டு வருஷமாக் கேக்கறேன். அதுக்கா போவேன்?"

பிறகு பெரியப்பா, "அடிப்பாவி" என்றார். "ரெண்டு மாசமா நான் பந்து மேல படுத்திருக்கேன்டி."

"என்ன பந்து?"

அலமாரிக் கதவு திறந்தது. அவர் அந்தப் பனியனை எடுத்துக் காட்டுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. "இந்தப் பந்து. மல்லாக்கத் திரும்பினா உருளுது. போன வாரம் பந்து கட்டில விட்டு எறங்கிச்சு. பந்து எறங்கினா நான் மட்டும் மேலேயா இருப்பேன்? கூடவே எறங்கினேன். இடுப்புல இன்னும் வலி."

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தார். ஒரு தொடக்கம்தான்; சட்டென்று நின்றது. நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். அவர் சிரிப்பு எப்போதும் நிற்கிற இடம் அது. அடுத்ததாக அடுப்பைப் பார்க்கப் போகும் காலடிச் சத்தம் வரும்.

காலடி வரவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் இருக்கும். பிறகு சிரிப்பு மறுபடி புறப்பட்டது. இந்த முறை நிற்கவில்லை. மேலே மேலே போயிற்று. எனக்குத் தெரியாத சிரிப்பு அது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, மூச்சுக்குத் தவித்து, உடைந்து, திரும்ப எழுந்தது. இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்தும் அதை நான் கேட்டதில்லை.

"ஐயோ, போதுங்க… கொஞ்சம் ஆயிடுச்சு" என்றார் நடுவில்.

"ஆகட்டும். மொதல்ல சிரிச்சு முடி" என்றார் பெரியப்பா. "அந்தத் தையலப் பாரு. கிளார்க்கம்மா தைச்சது. பஸ் ரூட்டு மாதிரி எங்கெங்கயோ போயிட்டு வருது."

சிரிப்பு மறுபடி கேட்டது.

நான் எழுந்து சின்ன அறைக்குப் போனேன். மடக்குக் கட்டிலில் பெரியம்மாவின் தலையணை மட்டும் இருந்தது. அதை எடுத்து, உறையைச் சரிசெய்து, பெரிய அறையின் வாசலில் இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு, உள்ளே பார்க்காமல் திரும்பினேன். அன்றைய தாளில் 'கசிவு' என்ற கட்டத்தில், மதியம் இரண்டு பத்து, கொஞ்சம், என்று எழுதினேன். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தார், என்று எழுதினேன்.

மாலையில் மடக்குக் கட்டிலை மடித்துச் சுவரோரமாகச் சாய்த்தேன். பிறகு ஏனோ அதை மறுபடி விரித்து, மேலே ஒரு போர்வையைப் போட்டு வைத்தேன்.